முகமாலை மண்ணும் வெளிநாட்டுக் காசும்

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் என்றதும் எங்கள் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருபவை வெள்ளை ஜீப்பும் பெரிய பெயர்ப்பலகையும்தான். அந்தக் கேலியில் நியாயமும் உண்டு. ஆனால் அவர்களால் நடந்த நல்லதையும் பார்த்தவர்கள் நாம். கேள்விப்பட்டதை விட்டுவிட்டு, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

அப்பா 1990களில் மிதிவெடியில் வலது காலை இழந்தவர், முழங்காலுக்குக் கீழே. மூன்று வருடங்கள் ஊன்றுகோலுடன் வளவுக்குள்ளேயே சுற்றிவந்தார். பிறகு யாழ்ப்பாணத்தில் அவருக்கு ஜெய்ப்பூர் கால் பொருத்தினார்கள். 1968இல் ராஜஸ்தானில் ராம் சந்திரா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய கால் அது. மேல்நாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்துப் போட்டு, நாற்காலியில் உட்காரும் மனிதருக்காகச் செய்யப்பட்டவை. இது ரப்பர் பாதம். வெறுங்காலோடு நடக்கலாம், குந்தியிருக்கலாம், வயல் சேற்றில் இறங்கலாம். நம் போன்றவர்களின் வாழ்க்கையைப் பார்த்துச் செய்தது.

கால் பொருத்திய சில வாரங்களில் நல்லூர்க் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். வாசலில் செருப்பைக் கழற்றினார், இரண்டு செருப்புகளையும். குழாயடியில் இரண்டு பாதங்களையும் கழுவினார். ரப்பர் பாதத்தின் விரலிடுக்கில் ஒட்டியிருந்த மண்ணைக்கூட விரலால் தேய்த்துக் கழுவினார். அம்மா வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

முல்லைத்தீவிலிருந்து ஒருவர்:

கசப்பையும் எழுதலாம்தானே? 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு நிறைய வள்ளங்கள் வந்தன. ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், அவசரமாகக் கொண்டுவந்து இறக்கிப் படம் பிடித்துக்கொண்டு போனது. நீளம் போதாது, அடி தட்டை. எங்கள் கரையில் அலை உடையும் இடத்தை அதனால் தாண்டவே முடியாது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கடைசியில் அதில் எங்கள் கோழி அடைகாத்தது. பதினொரு குஞ்சுகள், அந்த வகையில் நன்கொடை வீண்போகவில்லை.

அதே காலத்தில் இன்னொரு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கையில் எதுவும் கொண்டுவரவில்லை. மணலில் உட்கார்ந்து என் பெரியப்பாவிடம் பாதி நாள் பேசினார்கள். என்ன வலை, எந்த மாதம் எந்தக் காற்று, எவ்வளவு தூரம் போவீர்கள் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஊர் ஆசாரியிடமே வேலையைக் கொடுத்தார்கள். ஆறு மாதம் பிந்தித்தான் வள்ளம் கிடைத்தது. பெரியப்பா அதில்தான் தொழிலுக்குப் போய் இரண்டு பெண்களைக் கரைசேர்த்தார்.

பளையிலிருந்து ஒரு பெண்:

நான் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவள். ஹலோ டிரஸ்ட் நிறுவனத்தில். 1988இல் ஆப்கானிஸ்தானில் தொடங்கிய நிறுவனம், இலங்கையில் 2002இலிருந்து வேலை செய்கிறது. ஊரில் ‘ஹலோவுக்குப் போகிறாள்’ என்றால் எல்லோருக்கும் புரியும். என் மகன் சிறுவயதில் அம்மா டெலிபோன் கம்பனியில் வேலை செய்கிறாள் என்று பள்ளியில் சொல்லிவைத்திருந்தான்.

போரில் கணவர் போய்விட்டார். இரண்டு பிள்ளைகள், அடகில் தாலிக்கொடி. தையல் இயந்திரம் தருகிறோம், கோழி தருகிறோம் என்று பலர் வந்தார்கள். ஊரில் எல்லோரிடமும் தையல் இயந்திரம் இருந்தால் யார் யாருக்குத் தைப்பது? இவர்கள் மட்டும்தான் பயிற்சியும் மாதச் சம்பளமும் தருகிறோம் என்றார்கள். என்னைப் போன்ற பெண்கள் நிறையப் பேர் சேர்ந்தோம்.

எங்கள் வேலை முகமாலையில். அது எப்படிப்பட்ட இடம் என்று யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் போனவர்களுக்குத் தெரியும். வருடக்கணக்கில் இராணுவமும் புலிகள் இயக்கமும் எதிரெதிரே முன்னரங்குக் காவல்வரிசை. தலையில்லாத பனைகள். மண்ணில் அவ்வளவு ஷெல் சிதறல் கிடந்ததால் உலோகம் கண்டுபிடிக்கும் கருவி சில இடங்களில் ஓயாமல் கத்தும். அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அங்கே எங்கள் ஆயுதம் நீண்ட பற்களுள்ள வாரிதான். கவச அங்கி, முகத்தை மூடும் கண்ணாடித் தடுப்பு, முழங்காலில் நின்றபடி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோதி இழுக்க வேண்டும். மேலிருந்து அழுத்தக்கூடாது, அதுதான் முதல் பாடம். மிதிவெடியின் பக்கவாட்டில் போய்த் தொட்டால் ஆபத்து குறைவு, பெரும்பாலும் தலையில் பாரம் விழுந்தால்தான் வெடிக்கும். ஓரங்களில் சிவப்புத் தலை வைத்த கம்புகள். அந்தக் கம்புக்கு அப்பால் கை நீளக்கூடாது. தூரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும். கடினமான இடத்தில் ஒரு நாள் முழுவதும் வேலை செய்தாலும் இரண்டு பாய் விரிக்கும் அளவுதான் முடியும்.

நான் முதலில் எடுத்தது பாகிஸ்தான் தயாரிப்பு, பிளாஸ்டிக், உள்ளங்கையில் அடங்கும். இயக்கத்தின் ஜொனி மிதிவெடி மரப்பெட்டியில் செய்தது. பெட்டி உக்கிப்போயிருக்கும், உள்ளிருக்கும் மருந்து உக்காது. யார் வைத்தது என்பதெல்லாம் எங்கள் வாரிக்குத் தெரியாது.

சம்பளத்தில் தாலிக்கொடியை மீட்டேன். கட்டிக்கொள்வதற்கில்லை, மகளுக்கு. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இந்தக் காசு பிரித்தானியா, அமெரிக்கா, ஜப்பான் என்று வேறு நாடுகளிலிருந்து வருவது. அங்கே ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பு நகராமல் நின்றால் பளையில் அரிசிப்பானை காயும். அடுத்த ஒப்பந்தம் வருமா என்று மாதக்கணக்கில் காத்திருந்த காலமும் உண்டு. மிதிவெடியைவிட அந்தக் காத்திருப்புதான் எனக்குப் பயம்.

திருநெல்வேலிக்காரர் ஒருவர், முன்பு அங்கோலாவில் கட்டுமான வேலையில் இருந்தவர்:

சகோதரி எழுதியதைப் படித்ததும் வுவாம்போ நகரம் நினைவுக்கு வந்தது. 1997 ஜனவரியில் இளவரசி டயானா கவச அங்கியும் முகத்தடுப்பும் அணிந்து நடந்த கண்ணிவெடி நிலம் அங்கேதான். அதே ஆண்டு டிசம்பரில்தான் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை அதில் சேர 2017 ஆகிவிட்டது என்பது வேறு கதை. வுவாம்போவிலும் வேலை செய்தது இதே ஹலோதான். நான் போனபோது அந்த நிலத்தைத் தேடினேன். காட்டிய இடம் ஒரு சாதாரணத் தெரு: வீடுகள், கடைகள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். படம் எடுக்க ஒன்றுமே இல்லாமல் திரும்பினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்:

அக்கா, ஒரு கேள்வி. துப்புரவு செய்து முடித்த காணியை உரிமையாளர் எப்படி நம்பிக் காலடி வைப்பார்? எங்கள் மாமா ஒரு வருடம் போகவே இல்லை.

பளைப் பெண்ணின் பதில்:

நம்பமாட்டார்கள் தம்பி. சான்றிதழ் கொடுத்தாலும் நம்பமாட்டார்கள். தென்னங்காணிக்காரர் ஐயா ஒருவர், எழுபது வயதிருக்கும், வேலியோரத்திலேயே நின்றார். “நீங்கள் முதலில் நடவுங்கோ பிள்ளை” என்றார். நாங்கள் ஆறு பேரும் வரிசையாக நடந்தோம். நடுவில் போய்த் திரும்பிப் பார்த்தால், ஐயா எங்கள் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். எங்கள் சப்பாத்து அச்சு விழுந்த இடம் பார்த்து, ஒவ்வொரு அச்சிலும் தன் காலைச் சரியாக வைத்து, கிணற்றடி வரைக்கும் அப்படியே வந்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அதே அச்சில் திரும்பிப் போனார்.

ஏழெட்டு மாதம் கழித்து வேறு இடத்துக்கு வேலைக்குப் போகும்போது வாகனத்திலிருந்து அந்தக் காணியைப் பார்த்தேன். இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன. ஐயா தென்னைகளுக்கு நடுவில் அண்ணாந்து குலையை எண்ணியபடி பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார். ஒரு வேரில் கால் தடுக்கி, யாரையோ திட்டிக்கொண்டு எழுந்தார்.