கலைச்சொல் விவாதம்: ‘ஸ்டூடு டொமேட்டோஸ்’ – வேகவைத்த தக்காளியா, சேர்மானத் தக்காளியா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சமையற் சொற்பட்டியலில் ‘கேன்டு ஸ்டூடு டொமேட்டோஸ்’ (canned stewed tomatoes – வெங்காயம் முதலியன சேர்த்து டின்னில் அடைத்து அமெரிக்காவில் விற்கும் தக்காளி) என்னும் பதிவுக்கு இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. தேவகோட்டை ஆச்சி ‘டின்னில் அடைத்த வேகவைத்த தக்காளி’ என்றும், கோட்டையூர் அண்ணன் ‘கலனடை அவிதக்காளி’ என்றும், யாழ்ப்பாணத்து அன்பர் ‘பேணித் தக்காளி’ என்றும் எழுதியிருக்கிறார்கள். ‘தக்காளித் தொக்கு என்றாலே போதாதா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இவற்றுள் எதையும் அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இந்தச் சொல்லைப் பயன்படுத்தப்போகிறவர்கள் அகராதி தொகுப்பவர்கள் அல்லர். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன டின்னை என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியில் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களும், அங்கேயே குடியேறி, கிடைக்கிற சரக்கைக் கொண்டு செட்டிநாட்டுக் குழம்பு வைக்கவேண்டியிருக்கும் நம் பிள்ளைகளுமே இதைப் படிக்கப்போகிறார்கள்.

தொக்கு என்பதை முதலிலேயே விலக்கிவிடலாம். எண்ணெய் தாராளமாக விட்டு, நீர் வற்றிச் சுண்டி, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை கிளறுவது தொக்கு. இந்த டின்னுக்குள் இருப்பதில் எண்ணெய் கிடையாது, சாறும் சுண்டியிருக்காது.

‘கலனடை’, ‘பேணி’, ‘டின்’ என்பவற்றைப் பற்றி நீண்ட நேரம் வாதிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. பிரான்சு நாட்டு நிக்கோலா அப்பேர் தம் முறையை 1810இல் நூலாக வெளியிட்டபோது உணவை அடைத்தது கண்ணாடிப் புட்டிகளில்தான். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்டு பெற்ற காப்புரிமைதான் தகரக் குவளைக்கு வழிவிட்டது. ஆகவே இம்முறையின் உயிர், காற்றுப் புகாமல் மூடியபின் சூடேற்றுவதில் இருக்கிறதே தவிரத் தகரத்தில் இல்லை. அந்த நுட்பத்தைச் சொல்லுக்குள் திணிக்கப்போய் ‘அடைகலம்’ என்று முன்பொருமுறை ஒருவர் பரிந்துரைக்க, அதை எல்லாரும் ‘அடைக்கலம்’ என்று படித்து வைத்தது நினைவிருக்கலாம். டின் பால், டின் மீன் என்று காரைக்குடிக் கடைகளில் கேட்டு வாங்குகிறவர்களுக்கு டின் என்பதே விளங்கும். ஈழத்து வாசகர்களுக்காகப் பேணி என்பதை இணைச்சொல்லாகத் தந்துவிடலாம். அழகான சொல், இழக்க வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் ‘ஸ்டூடு’ என்பதில் இருக்கிறது. ஆச்சியும் அண்ணனும் அதைச் சமைக்கும் முறையின் பெயராகக் கொண்டு ‘வேகவைத்த’, ‘அவித்த’ என்று பெயர்த்திருக்கிறார்கள். ஆனால் டின்னில் அடைத்த தக்காளி எதுவாயினும், முழுத் தக்காளியோ துண்டுத் தக்காளியோ, மூடியபின் சூடேற்றப்படுவதால் ஓரளவு வெந்தே இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை ஒன்றுக்கு மட்டும் பெயராக வைத்தால் அடுத்த பதிவாகிய துண்டுத் தக்காளிக்கு நாம் என்ன எழுதுவோம்? தவிர, அவித்தல் என்றால் நம் அடுப்படியில் முட்டையை அவிப்பதும் இட்லியை அவிப்பதுமே நினைவுக்கு வரும். அந்த நீரையோ ஆவியையோ நாம் உண்பதில்லை. இங்கோ சாறும் சேர்ந்ததுதான் பண்டம்.

பள்ளத்தூரில் உறவினர் வீட்டுக்கு வந்திருந்த அத்தகைய டின் ஒன்றைத் திறந்து வெள்ளைப் பீங்கான் தட்டில் கவிழ்த்துப் பார்த்தோம். தோல் உரித்த தக்காளி பெரிய கதுப்புகளாக, தட்டில் விழுந்த பின்னும் உருக்குலையாமல் இருந்தது. சுற்றிலும் நீர்த்த சிவப்புச் சாறு. அதற்குள் கண்ணாடிபோல் வெளிறிய வெங்காயத் துணுக்குகள், விரல்நகம் அளவிலான பச்சைக் குடைமிளகாய், நார் தெரியும் செலரி என்னும் மணமுள்ள கீரைத் தண்டு. சாற்றைத் தொட்டு நாவில் வைத்தால் புளிப்புக்கு முன்பாக இனிப்பும் உப்பும் தெரிந்தன. வீட்டிலிருந்த பெரியவர் முகர்ந்து பார்த்துவிட்டு, “இது தக்காளி இல்லை, பாதி வைத்த ஏதோ ஒரு குழம்பு” என்றார். இந்த விவாதத்தில் இதுவரை வந்த விளக்கங்களில் இதுவே மிகச் சரியானது என்பேன்.

வெங்காயம், செலரி, குடைமிளகாய், கொஞ்சம் சர்க்கரை, உப்பு ஆகிய இந்தச் சேர்மானங்கள்தாம் இப்பண்டத்தை மற்ற டின் தக்காளிகளிலிருந்து பிரிக்கின்றன. ஆதலால் என் பரிந்துரை ‘சேர்மானத் தக்காளி’ என்பதாகும். முழுப்பெயர் வேண்டுமிடத்தில் ‘டின் சேர்மானத் தக்காளி’. சேர்மானம் என்ற சொல் நம் சமையற்காரர்கள் நாள்தோறும் புழங்குவது, வைத்தியர்களும் மருந்துக்குச் சொல்வது, விளக்கம் தேவைப்படாதது.

இது வெறும் பெயர்த் தகராறு அன்று. சமைக்கிறவரின் கையைப் பெயர் வழிநடத்துகிறது. ‘வேகவைத்த தக்காளி’ என்று படித்தவர் அதைக் கரைத்து ரசத்தில் விடுவார். செலரியின் வாடையும் சர்க்கரையும் சேர்ந்து மிளகையும் பெருங்காயத்தையும் கெடுத்துவிடும். துவையலுக்கும் இது உதவாது. ‘சேர்மானத் தக்காளி’ என்று படித்தவர் முதலில் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று டின்னின் மேல் எழுதியிருப்பதைப் பார்ப்பார்.

பயன்படும் இடங்களும் அந்தச் சேர்மானத்தாலேயே அமைகின்றன. வெங்காயமும் தக்காளியும் எப்படியும் வதங்கவேண்டிய பண்டங்களில் இது நன்றாகவே பொருந்துகிறது. கோழிக் குழம்புக்குச் சோம்பு, பட்டை, கல்பாசி, மராட்டி மொக்கு தாளித்து, சின்ன வெங்காயத்தை வதக்கியபின் வேகாத புதுத் தக்காளியைப் போட்டால், அது கரைந்து பச்சை வாடை போக வெகுநேரம் ஆகும். டின்னில் உள்ளதற்கு அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கிறது. சாற்றைத் தனியே வடித்து வைத்துக்கொண்டு கதுப்புகளை மட்டும் முதலில் எண்ணெயில் போட்டுப் புரட்டி, மசாலா ஒட்டியபின் சாற்றை விடுவது நல்லது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கவிழ்த்தால் வதங்குவதற்குப் பதில் கொதிக்கத் தொடங்கிவிடும். உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு கடைசியில் சரிபார்க்க வேண்டும். இனிப்பை ஈடுகட்ட ஒரு சுளை புளியும் கூடுதலாக ஒரு வரமிளகாயும் போதும்.

இட்லிக்கு வைக்கும் தக்காளிக் குருமாவுக்கு இதைத் தேங்காய், கசகசாவோடு மிக்சியில் அரைத்துவிடுவதே சரி. துண்டுகள் தாமாகக் கரையும் என்று காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். கதுப்பு குலையாமலிருக்க இவற்றில் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு என்னும் உப்பைச் சேர்க்கிறார்கள். அது தக்காளிச் சதையைப் பிடித்துவைக்கும் பெக்டின் என்னும் பொருளோடு பிணைந்து சதையை இறுக்கிவிடுகிறது. ஆட்டுக்கறிக் குழம்பில் கதுப்பு கதுப்பாகக் கிடப்பது சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

விலையைப் பொறுத்தவரை நம் ஊரில் இதற்கு இடமே இல்லை என்று கோட்டையூர் அண்ணன் எழுதியிருந்தார். ஆண்டின் பெரும்பகுதிக்கு அது உண்மை. நாட்டுத் தக்காளி மலிந்திருக்கும் மாதங்களில் டின்னை வாங்குவது வீண்செலவு. ஆனால் 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, தமிழ்நாடு அரசு சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கவேண்டி வந்ததையும் நாம் பார்த்தோம். அமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் டின் 411 கிராம் கொண்டது. சாறு உட்பட நான்கு நடுத்தரத் தக்காளிக்கு ஈடாகக் கொள்ளலாம். குளிர்ப்பெட்டி வேண்டாமல் அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் நிற்பதுதான் இதன் பெரிய நன்மை.

சத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: சூட்டினால் வைட்டமின் சி குறைகிறது, சிவப்பு நிறத்தைத் தரும் லைக்கோப்பீனோ வேகும்போது செல்களிலிருந்து விடுபட்டு, எண்ணெயும் சேரும்போது உடலில் எளிதாகச் சேர்கிறது. டின்னைத் திறந்தபின் மிஞ்சியதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். உப்பிய டின்னை முகர்ந்துகூடப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும்.

இங்கேயும் ‘சேர்மானம்’ என்ற சொல் வேலை செய்கிறது. பி.எச். (புளிப்பின் அளவுகோல், எண் கூடினால் புளிப்பு குறைவு) 4.6க்கு மேற்பட்ட, புளிப்புக் குறைந்த உணவில், காற்றில்லாத மூடிய கலத்தில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிர் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். தக்காளி அந்த எல்லையை ஒட்டியே நிற்பது. எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்த்தால் கொதிநீரில் வைத்துப் பதப்படுத்த முடியும். வெங்காயமும் செலரியும் குடைமிளகாயும் சேர்ந்துவிட்டால் புளிப்பு மட்டுப்படுகிறது. அப்போது கொதிநீர் போதாது, பதப்படுத்துவதற்கென்றே அமைந்த அழுத்தக்கலம் வேண்டும். வீட்டில் புட்டியில் அடைக்க நினைக்கிறவருக்கு ‘அவிதக்காளி’ என்ற பெயர் இந்த அபாயத்தைச் சொல்லாது.

காரைக்குடியிலிருந்து.

———

தம்பிக்கு வாழ்த்துகள்.

சேர்மானம் என்பதை டின்னுக்கு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘ஸ்டூ’ என்ற வினையை நீங்கள் பாதி வழியிலேயே விட்டுவிட்டீர்கள். டின்னே இல்லாமல் வீட்டில் வைக்கும் பண்டமும் இதே பெயரில் அமெரிக்கச் சமையலில் உண்டு. தக்காளியை வெண்ணெய், சர்க்கரை, சில வீடுகளில் ரொட்டித் துண்டும் சேர்த்து மூடிவைத்து மெல்லிய தீயில் வேகவிடுவார்கள். அதில் செலரி இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. அதே பட்டியலில் ஆட்டிறைச்சி ஸ்டூவும் ஆப்பிள் ஸ்டூவும் வரிசையில் நிற்கின்றன. அவற்றையெல்லாம் சேர்மானம் என்று சொல்லிவிட முடியுமா?

வினைக்குப் ‘புழுக்குதல்’ என்பதைப் பாருங்கள். நெல்லைப் புழுக்குவது நமக்குப் புதிதில்லை. மூடிய கலத்தில், வெளியேறாத ஈரத்தில், மெல்ல வேகுவது என்ற பொருள் அதில் இருக்கிறது. காற்றில்லாத அறையில் புழுக்கமாயிருக்கிறது என்று சொல்லும்போதும் அதுதானே வருகிறது. வீட்டில் வைப்பது ‘புழுக்கிய தக்காளி’, டின்னில் வருவது ‘சேர்மானத் தக்காளி’ என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் என்ன?

இன்னொன்று. வெள்ளைப் பணியாரத்துக்குக் காரச் சட்னி அரைக்க இந்த டின்னைப் பயன்படுத்திப் பார்த்ததுண்டு. பூண்டையும் வரமிளகாயையும் கூட்டி நல்லெண்ணெயில் சுருளச் சுருள வதக்கினால் செலரி வாடை அடங்கிவிடுகிறது. ஆகவே சட்னியைத் துவையலோடு சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள்.

தேவகோட்டையிலிருந்து.

———

ஆச்சிக்கு வணக்கம்.

புழுக்குதல் பொருத்தமானது. புழுங்கல் அரிசியோடு குழம்பும் என்று சிலர் சொல்லக்கூடும். அரிசியைப் பற்றிப் பேசும்போது புழுங்கல், சமைக்கும் வினையாக வரும்போது புழுக்குதல், புழுக்கிய என்று தன்வினை பிறவினை வேறுபாடு இருப்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். பட்டியலுக்கு இப்படி அனுப்புகிறேன்:

ஸ்டூ (வினை) – புழுக்கு, புழுக்குதல்.
வீட்டில் வைக்கும் ஸ்டூடு டொமேட்டோஸ் – புழுக்கிய தக்காளி.
கேன்டு ஸ்டூடு டொமேட்டோஸ் – டின் சேர்மானத் தக்காளி. ஈழ வழக்கில் பேணிச் சேர்மானத் தக்காளி. விளக்கம்: தோல் நீக்கிய தக்காளியைப் பெரும்பாலும் வெங்காயம், செலரி, குடைமிளகாய், சர்க்கரை, உப்பு ஆகியவற்றுடன் சாற்றோடு அடைத்துச் சூடேற்றியது.

காரச் சட்னியைப் பயன்பாட்டுக் குறிப்பில் சேர்த்துவிட்டேன். துண்டுத் தக்காளி, தக்காளி விழுது, தக்காளிக் கூழ் ஆகிய மூன்றும் இன்னும் நிலுவையில் உள்ளன. அமெரிக்க விதிகளில் கரைந்த திடப்பொருள் 24 விழுக்காட்டுக்குக் குறையாதது விழுது, 8 முதல் 24க்குள் இருப்பது கூழ் என்று வரையறுத்திருப்பதால், அவ்விரண்டையும் ஒரே மடலில் எடுத்துக்கொள்வது நல்லது. கோட்டையூர் அண்ணன் தொடங்கிவைக்கட்டும்.