'சின்டிலேட்டிங்' பேச்சு: தமிழில் எப்படிச் சொல்வது?

நீலவானம்:
ஒரு பேச்சாளரைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய உரையை 'சின்டிலேட்டிங்' என்று பாராட்டியிருக்கிறார்கள். அகராதியைப் பார்த்தால் பளபளக்கிற, மினுக்குகிற என்று பொருள் போட்டிருக்கிறது. 'பளபளப்பான உரை' என்று எழுதிப் பார்த்தேன். உள்ளே சரக்கில்லாத பேச்சு என்று திட்டுவதுபோல் ஆகிவிட்டது. என்ன போடலாம்?

பிழைதிருத்தி:
'அருமையான உரை' போதும். இன்று ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைப் பேச்சுக்குப் போடுகிறவர்கள் யாரும் ஒளியை மனதில் வைத்துப் போடுவதில்லை. ரசிக்கும்படி இருந்தது, அறிவாக இருந்தது, அவ்வளவுதான். வேரைத் தோண்டி மொழிபெயர்த்தால் படிக்கிறவர்தான் தடுக்கி விழுவார்.

இரவுவாசி:
இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். லத்தீனில் 'சின்டில்லா' என்றால் தீப்பொறி. அந்தப் பொறி சொல்லுக்குள் இன்னும் அணையவில்லை. விண்மீன் மினுங்குகிறதே, வானியலில் அதற்குப் பெயரே 'சின்டிலேஷன்'தான். மேலே சூடும் குளிருமாகக் காற்று கலங்குவதால் விண்மீனின் ஒளி நம் கண்ணுக்கு வந்து சேரும்போது கூடிக் குறைகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். அணுவை ஆராய்ந்த இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் 1909-ல் கைகரும் மார்ஸ்டெனும், கதிரியக்கப் பொருளிலிருந்து பாயும் ஆல்ஃபா துகள்களை எப்படி எண்ணினார்கள் தெரியுமா? துத்தநாக சல்ஃபைடு பூசிய ஒரு சின்னத் திரை. துகள் வந்து மோதும் இடத்தில் ஒரு குட்டி ஒளிப்புள்ளி தோன்றும், தோன்றிய கணமே அணைந்துவிடும். இருட்டறையில் கண் பழகும்வரை உட்கார்ந்திருந்து, அப்புறம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். அந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு 'சின்டிலேஷன்'. நின்று எரிகிற விளக்குக்கு இந்தச் சொல் பொருந்தாது. விட்டு விட்டுத் தெறிப்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது. 'அருமை' என்று போட்டால் அந்த உயிர் போய்விடும்.

பிழைதிருத்தி:
ஆய்வகத்துக்கு நீங்கள் சொல்வது சரி. மேடைக்கு வாருங்கள். 'பொறி பறக்கும் பேச்சு' என்று எழுதுவீர்களா? தமிழில் அது கோபாவேசப் பேச்சு, எதிராளியைக் கிழித்துப் போடுகிற பேச்சு. 'மினுக்கும் பேச்சு' இன்னும் மோசம். மினுக்குவது என்றாலே நம் மொழியில் அலங்காரம் பண்ணிக்கொண்டு அலட்டுவது. 'ஜொலிக்கும்' என்றால் பட்டும் நகையுமாக ஒருவர் வந்து நிற்கிறார். ஒளி சம்பந்தப்பட்ட சொல் ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. அதைப் பிடுங்கி வேறு வேலை கொடுக்க முடியாது.

கார்த்திகைமீன்:
மினுக்கு வேறு, மினுங்கு வேறு. ஓர் எழுத்துதான் மாறுகிறது. மினுக்குவது நாம் வேண்டுமென்றே செய்வது, மினுங்குவது தானாக நடப்பது. மின்னல், மின்மினி எல்லாம் அதே 'மின்' வேர்தான். மின்மினியின் ஒளியும் விட்டு விட்டுத்தானே வருகிறது, சொல்லிலேயே மின், மினி என்று இரண்டு முறை வெட்டுகிறது பாருங்கள். அதனால் தமிழில் இல்லாத பொருள் இது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

எனக்கு இந்தச் சொல் அறிமுகமானது மருத்துவரிடம். ஒற்றைத் தலைவலி வருவதற்கு முன் பார்வையில் ஒரு புள்ளி மங்கும். அதைச் சுற்றி ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு துடித்துத் துடித்து மினுங்கும், மெல்லப் பெரிதாகிக்கொண்டே ஓரத்துக்குப் போகும். இருபது, முப்பது நிமிடம் இருக்கும். 'சின்டிலேட்டிங் ஸ்கோட்டோமா' என்று எழுதிக் கொடுத்தார். அதை 'அருமையான' என்று யாராவது மொழிபெயர்க்க முடியுமா?

பிழைதிருத்தி:
முடியாது. தலைவலிக்கும் விண்மீனுக்கும் 'மினுங்கும்' என்றே போடுங்கள், எனக்குச் சம்மதம். பேச்சு மினுங்காது என்பதுதான் என் வாதம்.

இரவுவாசி:
பேச்சு மினுங்காது, ஆனால் தெறிக்கும், வெட்டும். அடைமொழியாக வைக்கப் பார்ப்பதால்தான் இவ்வளவு திணறுகிறோம். வினையாக மாற்றுங்கள், வழி கிடைக்கும். 'இன்ன மாதிரியான உரை' என்று முத்திரை குத்துவதைவிட அந்த உரை என்ன செய்தது என்று சொல்வதுதான் தமிழுக்கு வாகு.

நீலவானம்:
இப்படி எழுதியிருக்கிறேன்: 'அரை மணி நேரம் நிதானமாகத்தான் பேசினார். நடுநடுவே ஒரு வரி மின்னல் வெட்டினாற்போல வந்து விழும். அவை சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது.'

பிழைதிருத்தி:
ஒரு சொல்லுக்கு மூன்று வாக்கியமா? மூலத்தில் அவை சிரித்ததா?

நீலவானம்:
இல்லை. அரை மணி நேரம் என்பது இருக்கிறது, நிதானமும் இருக்கிறது.

பிழைதிருத்தி:
அப்படியானால் சிரிப்பை எடுத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பவர் கூட்டத்தில் போய் உட்கார்ந்து சிரிக்கக் கூடாது.

நீலவானம்:
எடுத்துவிட்டேன். மின்னலை மட்டும் எடுக்க மாட்டேன்.