மறுமொழி: ‘நிறுத்தடி’, ‘முழுவடி’ – கராத்தே, கிக்பாக்சிங் கலைச்சொற்கள்

(நாகர்கோவிலிலிருந்து)

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இரண்டு விளையாட்டுகளின் அடிகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவில் வந்த முன்மொழிவு இது:

> கராத்தேயில் அடி இலக்கில் நின்றுவிடுகிறது. கிக்பாக்சிங்கில் முழுதாக விழுகிறது. ஆகவே நிறுத்தடி, முழுவடி என்று வைக்கலாம்.

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வேறு சங்கதிகள் இதில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அடி எப்படிப் போகிறது என்பது ஒன்று. எவ்வளவு அடிக்க விதி இடம் கொடுக்கிறது என்பது வேறொன்று.

மாசுதாத்சு ஓயாமா உருவாக்கிய கியோகுஷின் கராத்தேயை எடுத்துக்கொள்ளுங்கள். கையுறை கிடையாது. முகத்தில் குத்தக் கூடாது. மற்றபடி நெஞ்சிலும் வயிற்றிலும் முழு பலத்தோடு குத்தலாம், தொடையிலும் தலையிலும் உதைக்கலாம். இதை நிறுத்தடி என்று சொன்னால் அடி வாங்கியவன் சண்டைக்கு வருவான். அந்தப் பக்கம் கிக்பாக்சிங்கிலேயே பாயின்ட் ஃபைட்டிங் என்று ஒரு வகை உண்டு. தொட்டால் புள்ளி, நடுவர் நிறுத்துவார், மறுபடி தொடங்குவார்கள். அது முழுவடியா? கிக்பாக்சிங் என்ற பெயரே 1960களில் ஜப்பானில் ஒசாமு நொகுச்சி வைத்தது. 1993இல் கே-1 என்ற கிக்பாக்சிங் போட்டியைத் தொடங்கிய கசுயோஷி இஷியும் கராத்தே ஆசிரியர்தான். இவ்வளவு நெருங்கிய உறவுக்காரர்களை ஆளுக்கொரு சொல்லில் அடைக்க முடியாது.

விதி எங்கே வேலை செய்கிறது என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக் போதும். 2021 ஆகஸ்ட், ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டி. முன்னிலையில் இருந்த சவூதியின் தாரிக் ஹமிதி தலைக்கு ஓர் உதை விட்டார்; ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜாதே நினைவிழந்து விழுந்தார். தங்கம் விழுந்தவருக்குப் போனது. அளவு மீறிய அடி என்று ஹமிதியைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். கே-1 மேடையில் அதே உதை அவரை ஜெயிக்க வைத்திருக்கும்.

சரி, விதியை ஒதுக்கிவிட்டு அடியை மட்டும் பார்ப்போம். கராத்தேயில் பக்கவாட்டில் சுற்றி வரும் உதையான மவாஷிகெரியில் முழங்கால் மடங்கி எழும், கால் விரியும், பட்ட கணமே முழங்காலுக்குத் திரும்பி மடங்கும். பயிற்சிக்குத் தொங்கவிடும் பேக்கில் ‘டப்’பென்று சத்தம் கேட்கும், பேக் அதிகம் ஆடாது. எதிராளியின் காலைக் குறிவைக்கும் கிக்பாக்சிங்கின் லோ கிக்கில் படுவது பாதம் இல்லை, கணைக்கால் எலும்பு. இடுப்பு முழுசாகத் திரும்பும், ஊன்றிய காலின் குதிகால் எதிராளி பக்கம் வந்துவிடும், கால் திரும்பி வரவே பார்க்காது. குறி தப்பினால் உதைத்தவன் ஒரு சுற்றுச் சுற்றித்தான் நிற்க வேண்டும். தக்கலையில் ஒரு மாஸ்டர் பிள்ளைகளிடம் கத்துவதைக் கேட்டிருக்கிறேன்: “பேக்க அடிக்காதலே, பேக்குக்கு அந்தால நிக்கவன அடி!” பாடப்புத்தகம் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது.

ஆகவே என் முன்மொழிவு: பட்டதும் திரும்பும் அடி சுண்டடி, திரும்பாமல் உள்ளே போகும் அடி ஆழடி. கேரம் காயைச் சுண்டுகிறோமே, அந்தச் சுண்டு. ஆழ்துளைக் கிணற்றில் இருக்கும் ஆழ். சுண்டுதை, சுண்டுகுத்து, ஆழுதை, ஆழ்குத்து என்று எல்லாவற்றுக்கும் கிளை விடும். எந்த விளையாட்டிலும் இரண்டுமே உண்டு என்பதால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

மூன்றாவதாக, தள்ளி மிதிக்கும் உதை. முவே தாய் என்ற தாய்லாந்துக் குத்துச்சண்டையிலிருந்து கிக்பாக்சிங்குக்கு வந்த டீப், கராத்தேயின் கெகோமி. இதற்கு உந்துதை என்று புதிதாக எதற்கு? நம் மாவட்டத்தில் ‘சவிட்டு’ இருக்கிறது. வாசலில் நின்று கதவைச் சவிட்டித் திறப்பவனின் கால் எப்படிப் போகிறதோ அதேதான். மலையாளம் என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், ‘சவட்டு’ என்ற வினை சங்க இலக்கியத்திலேயே உண்டு.

கராத்தேயின் ‘கிமே’ என்ற ஜப்பானியச் சொல்லை அப்படியே விட்டுவிடலாம். தீர்மானி என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து வந்தது. குத்து முடியும் நொடியில் உடம்பு மொத்தமும் இறுகித் தளர்வதைக் குறிக்கிறது. ‘கடைசியில் இறுக்கு’ என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது, போதும்.

போட்டி விதிகளுக்கு: பலமாக அடிக்கக் கூடாது என்றால் தொடுபோட்டி, முழு பலத்தோடு அடிக்கலாம் என்றால் படுபோட்டி. நம்மூர் வர்மத்தில் தொடுவர்மம், படுவர்மம் என்ற இணை ஏற்கெனவே இருப்பதால் நாக்குக்குப் பழக்கம்.

---

(கருங்கலிலிருந்து)

அண்ணாச்சி, சவிட்டுக்கு என் ஓட்டு. சுண்டடியும் ஆழடியும் சரி. கடைசி இணையை மட்டும் தயவுசெய்து விடுங்கள். நம்மூர்ச் சண்டைக்கலையான அடிமுறை படிக்கிறவர்களுக்குப் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பது உடம்பில் இருக்கும் இடங்களின் கணக்கு. தொடுவர்மம் என்றால் லேசாகத் தொடுவது இல்லை. அங்கே அடி பட்டாலும் ஆள் படுத்துவிடுவான், அப்புறம் இளக்குமுறை செய்து எழுப்ப வேண்டும். பலமில்லாத போட்டிக்குத் தொடு என்று பெயர் வைத்து, வர்மத்தையும் துணைக்கு அழைத்தால் எங்கள் ஆசான் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். அதோடு ‘படுபோட்டி’யை மக்கள் படுமோசம், படுஜோர் மாதிரித்தான் வாசிப்பார்கள்.

விதிக்குத்தானே பெயர், விதி என்றே வரட்டும்: தொடுவிதி, வீழ்விதி. கியோகுஷின் ஆட்டத்தையே எதிராளியை வீழ்த்தும் கராத்தே என்றுதான் உலகம் சொல்கிறது.

---

(நாகர்கோவிலிலிருந்து)

தம்பி சொல்வது நியாயம். தொடுவிதி, வீழ்விதி என்று நம் கலைச்சொல் அட்டவணையில் மாற்றிவிட்டேன். கியோகுஷின், கே-1 இரண்டும் வீழ்விதியின் கீழ் போகின்றன.

ஒரு சிக்கல் பாக்கி. கிக்பாக்சிங்கின் இன்னொரு வகையான கிக் லைட்டில் பலமாக அடிக்கக் கூடாது, ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவர் நிறுத்துவதும் இல்லை. ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். தொடுவிதிக்குள் அதைத் ‘தொடராட்டம்’ என்றும் பாயின்ட் ஃபைட்டிங்கை ‘விட்டாட்டம்’ என்றும் பிரித்து வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.