எரிபொருள் ‘அடிட்டிவ்’: புகைக்குறைப்பியா, இடுமமா?

அண்ணாச்சி, வணக்கம்.

எரிபொருளில் சிறிதளவு சேர்க்கும் ‘அடிட்டிவ்’வுக்குத் தமிழ்ப்பெயராக நீங்கள் முன்வைத்த ‘புகைக்குறைப்பி’யை ஏற்க மனம் ஒப்பவில்லை. புன்னை எண்ணெயில் எடுத்த பயோடீசலில் எடைக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு ஆக்சிஜன் உண்டு. புகை தானாகவே குறையும். கூடுவது நைட்ரஜன் ஆக்சைடு, அது புகையாகக் கண்ணில் படாது. பெயர் புகையைச் சொன்னால் பாலிடெக்னிக் பையன்கள் தவறான இடத்தைத்தான் பார்ப்பார்கள்.

‘சேர்மம்’ வேதியியல் பாடநூலில் வேறு பொருளில் (காம்பவுண்ட்) நிலைத்துவிட்டது. ‘கலப்பு’ பி20க்கு இருக்கட்டும்: 80 பங்கு டீசல், 20 பங்கு பயோடீசல்.

என் பரிந்துரை ‘இடுமம்’. தாமிரபரணிப் பாசனத்தில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறோம், உரம் இடுகிறோம். அளவு சிறிதானால் ‘இடு’. சீட்டேன் உயர்த்தியான (டீசல் எளிதில் பற்ற உதவும்) 2-எத்தில்ஹெக்சில் நைட்ரேட் கன அளவில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) என்றால், 200 லிட்டர் பீப்பாய்க்கு 200 மில்லிதான். பயோடீசல் கெடாமல் காக்கும் பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சி டொலுவீனை எடையில் 1000 பிபிஎம் இட, பீப்பாய் பயோடீசல் சுமார் 176 கிலோ என்பதால், 176 கிராம் போதும். இது படிகப்பொடி, நேராகக் கொட்டினால் அடியில் தங்கும். ஒரு லிட்டர் பயோடீசலை வெதுவெதுப்பாக்கி, அதில் முழுக்கக் கரைத்து, பிறகு பீப்பாயில் ஊற்றிக் கிண்ட வேண்டும். பயோடீசல் புதிதாக இருக்கும்போதே இடணும். சிக்கு வாடை வந்தபின் இட்டுப் பயனில்லை, உண்டான பெராக்சைடு போகாது. எரியும்போது இந்தப் பொடி தனியுறுப்புகளை (வினைத்துடிப்பு மிக்க மூலக்கூறுத் துண்டுகளை) பிடித்துக்கொள்வதால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும். அதே காரணத்தால் கார்பன் மோனாக்சைடு சற்றே கூடும்.

---

தம்பி,

புகைக்குறைப்பியை விட்டுவிடுகிறேன். ‘பாய்ச்சு’, ‘இடு’ வேறுபாடு மிகப் பொருத்தம்.

ஆனால் டைஎத்தில் ஈதரில் முட்டுகிறது. ஆய்வுக்கட்டுரைகளில் அதையும் அடிட்டிவ் என்றே எழுதுகிறார்கள். 5 விழுக்காடு என்றால் பீப்பாய்க்கு 10 லிட்டர்; அதை ‘இட்டோம்’ என்று எப்படிச் சொல்ல? கலப்பு என்பதே சரி. அதுவும் 35 டிகிரியில் கொதிப்பது. பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் மூடியைத் திறந்தால் ஆவியாகிப் போகும், தீப்பொறி பட்டால் பற்றும், டீசல் குழாயில் ஆவி அடைத்து இன்ஜின் நிற்கும்.

சீரியம் ஆக்சைடு நுண்துகள் எடையில் 50 பிபிஎம் என்றால் பீப்பாய்க்குச் சுமார் 9 கிராம். அளவால் இடுமம்தான், கரைவதில்லை. மீயொலியில் (அல்ட்ராசவுண்ட்) கலக்கி, துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பரப்பு இயங்கியும் சேர்க்காவிட்டால் படிந்து ஃபில்டரை அடைக்கும். இதற்கு மட்டும் ‘தொங்கல் இடுமம்’ என்று அடைமொழி கொடுப்போம். குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டியது என்று பெயரே சொல்லிவிடும்.

வரையறையில் ‘1 விழுக்காட்டுக்குக் கீழ்’ என்று எல்லை போட்டுவிடலாமா? மற்றவர்களும் சொல்லுங்கள்.