சுவரோரம் நிற்கப்போகும் ஃப்ரிட்ஜ்: எந்த மாடல் எடுப்பது?

தையல்மிஷின்:
வணக்கம். பன்னிரண்டு வருஷமாக ஓடிய எங்கள் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் போன வாரத்திலிருந்து மூச்சுத் திணறுகிறது. வீட்டில் ஐந்து பேர். கணவருக்கு 600 லிட்டர் சைடு பை சைடு (ஃப்ரீசரும் ஃப்ரிட்ஜும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மாடல்) மேல் ஒரே மோகம். எனக்கு ஃப்ரீசர் கீழே இருக்கிற மாடல் பிடிக்கிறது, ஆனால் "கீழே ஃப்ரீசர் வைத்தால் குனிந்தே சாவாய்" என்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி, அதையும் பார்க்க வேண்டும். கடைக்காரர் லிட்டர் கணக்கைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டேன் என்கிறார். ஃப்ரிட்ஜ் நிற்கும் இடம் 76 செ.மீ. அகலம். இடது பக்கம் சுவர், வலது பக்கம் சமையல் மேடை. எதிரில் இன்னொரு மேடை, இரண்டுக்கும் நடுவில் நடைபாதை 95 செ.மீ. என்ன எடுக்கலாம்?

அளவுநாடா:
இடத்தின் அளவோடு வந்திருக்கிறீர்கள், அதிலேயே பாதி வேலை முடிந்தது. 76 செ.மீ.யில் சைடு பை சைடு நுழையவே நுழையாது, அது பெரும்பாலும் 90 செ.மீ. அகலம். கணவரிடம் லிட்டரைப் பற்றி வாதாடாதீர்கள், டேப்பைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம், நான் பட்டுத் தெரிந்துகொண்டது. எங்கள் ஃப்ரிட்ஜும் சுவரோரம்தான் நின்றது, கீல் சுவர்ப் பக்கம். கொண்டுவந்து வைத்த அன்று எல்லாம் அழகாக இருந்தது. மறுநாள் காய்கறி டிரேயை இழுத்தால் பாதி வந்து நின்றுவிட்டது. ஏன் என்று பார்த்தால், கதவின் கைப்பிடி சுவரில் இடித்து கதவு 90 டிகிரிக்கு மேல் திறக்கவில்லை, கதவுத் தட்டுகள் உள்ளே நீட்டிக்கொண்டு டிரேயை மறித்தன. துடைக்க வேண்டுமென்றால் மொத்த ஃப்ரிட்ஜையும் முன்னால் இழுத்தால்தான் டிரே கழலும். அப்படியே ஆறு வருஷம் ஓட்டினோம்.

சரி, கீலை மேடைப் பக்கம் மாற்றிவிடலாமே என்றால், கதவைத் திறந்ததும் அதுவே மேடைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் தட்டி மாதிரி நிற்கும், எடுக்கிற ஒவ்வொரு பாத்திரத்தையும் கதவைச் சுற்றிக்கொண்டு போய் வைக்க வேண்டும். அதனால் கீல் சுவர்ப் பக்கமே இருக்கட்டும், 60 செ.மீ. அகல மாடலாகப் பாருங்கள். மிச்சம் 16 செ.மீ. அதில் சுவர்ப் பக்கம் 11, மேடைப் பக்கம் 5 விட்டால் கதவும் தாராளமாகத் திறக்கும், காற்றும் போகும். எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று அந்தந்த மாடலின் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள், அதை வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டுப் பாருங்கள். கீல் எந்தப் பக்கம், மாற்ற முடியுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், எல்லா மாடலிலும் முடியாது.

ஆழமும் ஏமாற்றும். விளம்பரத் தாளில் சில சமயம் கைப்பிடியைச் சேர்க்காமல் போட்டிருப்பார்கள்.

பனிமலை:
சைடு பை சைடு வைத்திருப்பவள் சொல்கிறேன், கணவரிடம் காட்டுங்கள். வெளியிலிருந்து பார்க்க அரண்மனை, உள்ளே இரண்டு ஒல்லிச் சந்து. ஃப்ரீசர் பக்கம் என் அகலமான பாத்திரம் ஒன்றுகூடக் குறுக்காக நுழையாது. லிட்டர் எல்லாம் உயரத்திலும் ஆழத்திலும் இருக்கிறது, பின்னால் போன பொருள் போனதுதான். நல்லது என்றால், கதவு ஒவ்வொன்றும் குறுகல் என்பதால் திறக்க முன்னால் அதிக இடம் வேண்டாம், குளிர்ப் பகுதியிலும் ஃப்ரீசரிலும் கண்ணுக்கு நேரே தட்டுகள் உண்டு.

அகலமான தட்டுத்தான் வேண்டும் என்றால் ஃப்ரெஞ்ச் டோர் இருக்கிறது, மேலே இரட்டைக் கதவு, கீழே இழுப்பறை ஃப்ரீசர். அதுவும் பெரும்பாலும் பெரிய உருப்படிதான், உங்கள் இடத்துக்கு ஒத்துவருமா என்பது சந்தேகம். அப்புறம், கதவில் தண்ணீர் வருகிற மாடலுக்கு மயங்காதீர்கள், பலவற்றில் ஃபில்டர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த அமைப்பு பிடித்துக்கொள்கிற இடமும் கொஞ்சமில்லை.

திருப்புளி:
ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பதுதான் என் தொழில். ஃப்ரீசர் மேலேயா கீழேயா என்பதற்கு ஒரே ஒரு சோதனை போதும். ஒரு நாள் முழுக்க எந்தப் பகுதியை எத்தனை தடவை திறக்கிறீர்கள் என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். அதிகம் திறக்கிற பகுதி நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

நீங்கள் இதுவரை வைத்திருந்தது டைரக்ட் கூல் என்று நினைக்கிறேன். ஃப்ரீசர் சுவரில் பனி கட்டும், அவ்வப்போது அணைத்து உருக்க வேண்டும். ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் குளிரூட்டும் சுருள் பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும், மின்விசிறி குளிர்காற்றைச் சுற்றிவிடும், சுருளில் படிகிற பனியை ஒரு சின்ன ஹீட்டர் அவ்வப்போது உருக்கும், அந்தத் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி கம்ப்ரஸர் பக்கத்துத் தட்டில் விழுந்து அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். காய்கறி டிரேக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் அந்தக் குழாய்த் துளைதான் அடைத்திருக்கும், பெட்டி கெட்டுப்போயிருக்காது. பழைய பெட்டியில் பனியைக் கத்தியால் குத்திப் பெயர்த்து, சுருளில் ஓட்டை போட்டு, காஸ் முழுக்கப் போன பிறகு கூப்பிடுகிறவர்களும் உண்டு.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் இரண்டு பகுதிக்கும் ஒரே சுருளா, தனித்தனியா என்று கேளுங்கள். ஒரே சுருள் என்றால் காற்றும் பொது. நறுக்கிய வெங்காயத்தை மூடாமல் வைத்தால் ஐஸ் கட்டியில் வெங்காய வாசம் வரும். தனித்தனி என்றால் அந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று, உள்சுவரில் ஒட்டியிருக்கும் லேபிளில் கிளைமேட் கிளாஸ் போட்டிருக்கும். என். என்றால் சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரி வரை, எஸ்.டி. 38 வரை, டி. 43 வரை. அடுப்புப் பக்கத்தில் நிற்கிற பெட்டி என்றால் இதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஃப்ரிட்ஜ் 4 டிகிரியிலும் ஃப்ரீசர் மைனஸ் 18-லும் நின்றால் போதும், அதற்கு மேல் குளிரவைப்பது மின்சாரத்துக்குக் கேடு.

மேல்தட்டு:
எல்லோரும் கீழே ஃப்ரீசர் பக்கமே சாய்வதால் நான் எதிர்க்கட்சி. ஃப்ரீசர் மேலே இருக்கிற டபுள் டோர்தான் அமைப்பில் எளிது, அதே கொள்ளளவில் மின்சாரமும் பொதுவாகக் குறைவாகத்தான் இழுக்கும். பெட்டிக்கு அடியில் ஸ்டாண்ட் போட்டால் குனிகிற தொல்லையும் பாதி போயிற்று. உழைக்கிற கழுதையை விட்டுவிட்டு எதற்குக் குதிரை?

திருப்புளி:
கழுதை நல்ல கழுதைதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டாண்ட் போட்டாலும் காய்கறி டிரே இடுப்புக்குக் கீழேதானே இருக்கும்? முழங்கால் வலிக்காரர் தினமும் தொடுவது அதைத்தான். மூன்று கிலோ காயோடு டிரேயைத் தூக்கி வைத்துப் பாருங்கள், தெரியும்.

தையல்மிஷின்:
ஞாயிற்றுக்கிழமை கோடு போட்டுப் பார்த்தோம். ஃப்ரிட்ஜ் பகுதிக்காக 31 தடவை, ஃப்ரீசருக்காக 3 தடவை, அந்த மூன்றும் என் மகனின் ஐஸ்கிரீம். 31-ல் பதினாறு கணவர் கணக்கு, அதிலும் பாதி எதையும் எடுக்காமல் சும்மா திறந்து பார்த்துவிட்டு மூடியது. அவர் இப்போது லிட்டர் பேச்சை விட்டுவிட்டார்.

செய்தித்தாளை ஒட்டி 60-க்கு 67 செ.மீ. அளவில் வெட்டி, பின்னால் 5 விட்டுத் தரையில் போட்டோம். மேடை 60 ஆழம்தான், அதனால் தாள் 12 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நடைபாதை 83 ஆகிவிடும். ஓர் அட்டையைக் கதவாகப் பிடித்துத் திறந்து பார்த்தோம், முழுக்கத் திறந்தால் எதிர் மேடை வரை 23 செ.மீ.தான் மிச்சம், ஆனால் நான் மேடைப் பக்கம் நிற்பதால் இடிக்கவில்லை. மாமியார் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, உட்கார்ந்தபடியே கீழ் இழுப்பறையை இழுக்கலாம் என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். கீழே ஃப்ரீசர், 60 அகலம், 300-க்கும் 350 லிட்டருக்கும் நடுவில், சுருள் தனித்தனி என்று பார்க்கப் போகிறோம்.

அளவுநாடா:
நல்லது. வீட்டு வாசல் கதவை அளந்தீர்களா? படிக்கட்டுத் திருப்பத்தை?

தையல்மிஷின்:
வாசல் 78. திருப்பத்தை அளக்கவில்லையே. டேப்போடு இதோ போகிறேன்.

திருப்புளி:
திருப்பத்தில் சாய்க்க வேண்டி வந்தால் சாய்க்கலாம், ஆனால் உள்ளே கொண்டுவந்து நிமிர்த்தியதும் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும், திரும்பி இறங்கச் சில மணி நேரமாவது நிற்கட்டும். எவ்வளவு நேரம் என்று கையேட்டில் இருக்கும்.