ஃபார்மட் பண்ணச் சொல்லும் 1 டிபி ஹார்ட் டிஸ்க், உள்ளே கல்யாண ஆல்பமும் சிரசுத் திருவிழாப் படங்களும்

குடியாத்தம் ஸ்டூடியோ:
வணக்கம். குடியாத்தத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எடுக்கிற எல்லாமே 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்கில்தான் ஏறும். நேற்று காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது காற்றடித்துக் கரண்ட் போனது. வந்ததும் மறுபடி மாட்டினால், முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்கிறது. கேன்சல் கொடுத்துவிட்டேன். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 931 ஜிபி என்று அளவு சரியாக இருக்கிறது, ஆனால் ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ் என்று இருந்த இடத்தில் ரா (அடையாளம் தெரியவில்லை) என்று காட்டுகிறது. சத்தத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை.

ஆல்பம் கொடுக்க வேண்டிய ஒரு கல்யாணம் அதில் இருக்கிறது. அதைவிட, வருஷா வருஷம் வைகாசி 1ஆம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று எடுத்த படங்கள். இன்று இல்லாத எத்தனையோ பெரியவர்கள் அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்கள், சில வீடுகளில் மாலை போட்டிருக்கும் படமே அதிலிருந்து முகத்தை வெட்டி நான் போட்டுக் கொடுத்ததுதான். ஃபார்மட் பண்ணிவிட்டு ரெகவரி சாஃப்ட்வேர் ஓட்டு, எல்லாம் வந்துவிடும் என்கிறார் ஒருவர். விண்டோஸிலேயே இருக்கிற செக்டிஸ்க் போடு என்கிறார் இன்னொருவர். எதைச் செய்ய?

காட்பாடி லேப்:
இரண்டும் வேண்டாம் அண்ணா. குவிக் ஃபார்மட் என்றால்கூட புது எம்எஃப்டி (ஃபைல்களின் அட்டவணை) எழுதப்படும், பழைய எம்எஃப்டியின் தொடக்கம் அதற்கு அடியில் போய்விடும். எந்தப் படம் எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் இருக்கிறது என்ற கணக்கே அந்த எம்எஃப்டியில்தான் இருக்கிறது. முழு ஃபார்மட் பற்றிப் பேசவே வேண்டாம், விஸ்டா காலத்திலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும், அப்புறம் எந்த சாஃப்ட்வேரும் கை கொடுக்காது. செக்டிஸ்க், ரா டிரைவில் ஓடவே மாட்டேன் என்று பெரும்பாலும் சொல்லிவிடும். ஓடினாலும் அதன் வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்துவது, உங்கள் படங்களைக் காப்பாற்றுவது இல்லை.

முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை ஓட்டி, கெட்ட செக்டர் கணக்கைச் சொல்லும் 05, சி5, சி6 வரிகளைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள், சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணுவது உட்பட.

ஆற்காடு சர்வீஸ்:
தம்பி சொன்னது சரி. டக் டக் என்று சத்தம் கேட்டால் உடனே பிடுங்கி வையுங்கள். படிக்கிற ஹெட் கெட்டுப்போன டிஸ்க்கில் சாஃப்ட்வேர் ஓட்ட ஓட்ட தட்டில் கீறல்தான் விழும், அது சென்னைக்குக் கொண்டுபோய் லேபில் கொடுக்கிற கேஸ். கேஸைப் பிரித்து நேராக சாட்டா கேபிளில் மாட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள், சில வெளி டிஸ்க்குகளில் யுஎஸ்பி போர்டே டேட்டாவை என்க்ரிப்ட் பண்ணி எழுதும், போர்டு இல்லாமல் எடுத்தால் குப்பையாகத்தான் தெரியும்.

இன்னொன்று, நம்ம ஊர் வெயில். மணிக்கணக்காகப் படிக்க விடும்போது டிஸ்க் கொதிக்கும். மெத்தை மேலே வைக்காமல் ஃபேனுக்கு நேராக வையுங்கள்.

குடியாத்தம் ஸ்டூடியோ:
பார்த்தேன். 05 பூஜ்யம், சி5இல் கொஞ்சம் இருக்கிறது, மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை.

காட்பாடி லேப்:
அப்போ கண்டிப்பாக இமேஜ், அதாவது டிஸ்க் முழுவதற்கும் அச்சு அசலான நகல், எடுத்துவிட்டுத்தான் மற்றது. சி5 என்றால் படிக்க முடியாமல் நிற்கிற செக்டர்கள். ரெகவரி சாஃப்ட்வேர் நேராக ஓட்டினால் அங்கேயே முட்டி முட்டி டிஸ்க்கை வாட்டும். 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்குங்கள், உபுண்டு லினக்ஸைப் பென் டிரைவில் பூட் பண்ணி, இமேஜ் எடுக்கும் டிடிரெஸ்க்யூவை ஓட்டுங்கள். நல்ல இடத்தை முதலில் அள்ளிக்கொண்டு கெட்ட இடத்துக்குக் கடைசியில்தான் வரும். எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் கொடுத்து ஓட்டினால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், நமக்கு அதுதான் முக்கியம். எது பழைய டிஸ்க், எது புதுசு என்று அளவைப் பார்த்து உறுதிப்படுத்திய பிறகே என்டர் தட்டுங்கள், மாறிப்போனால் எல்லாம் போச்சு.

இமேஜ் வந்ததும் அதில் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவியை ஓட்டுங்கள். என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டருக்கு (ஃபைல் சிஸ்டத்தின் விவரம் இருக்கும் முதல் செக்டர்) ஒரு நகலைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் வைத்திருக்கும், முன்னால் இருப்பது மட்டும் கெட்டிருந்தால் அந்த நகலை வைத்தே ஃபோல்டர் எல்லாம் பெயரோடு திரும்பி வரும். வராவிட்டால் டிஎம்டிஈ என்ற ரெகவரி சாஃப்ட்வேர். அதுவும் முடியாவிட்டால் கடைசியாக ஃபோட்டோரெக். அது ஜேபெக் தொடங்குகிற எஃப்எஃப் டி8 எஃப்எஃப் மாதிரி அடையாளத்தைத் தேடிப் பிடிப்பதால் பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது, துண்டு துண்டாகக் கிடக்கிற பெரிய வீடியோ உடைந்தே வரும். டெஸ்ட்டிஸ்க்கும் ஃபோட்டோரெக்கும் இலவசம். கிராக் பண்ணிய ரெகவரி சாஃப்ட்வேர் எதையும் இறக்காதீர்கள்.

கல்யாணத்துக்குப் பயன்படுத்திய எஸ்டி கார்டு கையில் இருக்கிறதா? கேமராவில் சாதாரணமாக ஃபார்மட் பண்ணியது என்றால் எந்தப் படம் எங்கே என்ற அட்டவணைதான் போயிருக்கும். அதற்குப் பிறகு படம் எடுக்காமல் இருந்தால் ஃபோட்டோரெக் அதிலிருந்தே எடுத்துவிடும். கார்டைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஆம்பூர்:
நடுவில் கேட்கிறேன், மன்னிக்கவும். என் லேப்டாப்பில் எஸ்எஸ்டி. பையன் ஒரு ஃபோல்டரை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிவிட்டான். இதே வழி எனக்கும் ஆகுமா?

ஆற்காடு சர்வீஸ்:
கஷ்டம் சார். எஸ்எஸ்டியில் அழித்ததும், அந்த இடம் இனி வேண்டாம் என்கிற டிரிம் கட்டளையை விண்டோஸ் அனுப்பிவிடும், பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியது என்று அங்கே தேடுங்கள். சாஃப்ட்வேருக்குக் காசு கட்டாதீர்கள்.

குடியாத்தம் ஸ்டூடியோ:
இமேஜ் முடிந்தது, நல்ல பகுதி சீக்கிரம் ஓடிவிட்டது, கடைசிக் கொஞ்சம்தான் இழுத்தது. டெஸ்ட்டிஸ்க்கில் முன் பூட் செக்டர் கெட்டது, பின்னால் இருந்த நகல் நல்லது என்று காட்டியது. நகலை எடுத்துப் போட்டதும் ஃபோல்டர்கள் வரிசையாக வந்துவிட்டன, சிரசு படங்கள் வருஷ வாரியாக அப்படியே இருக்கின்றன. தாலி கட்டுகிற கிளிப் ஒன்று மட்டும் ஓடவில்லை.

காட்பாடி லேப்:
ரொம்ப சந்தோஷம் அண்ணா. அந்த கிளிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். எம்பி4 வீடியோவை ஓட்டத் தேவையான விவரம் இருக்கும் மூவ் (moov) என்ற பகுதி போயிருக்கும், பல கேமராக்கள் அதைக் கடைசியில்தான் எழுதும். அன்ட்ரங்க் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரிக்குக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன்னால் கார்டில் ஃபோட்டோரெக் ஓட்டுங்கள், முழு கிளிப்பே கிடைக்கலாம். பழைய டிஸ்க்கில் இனி எதையும் ஏற்ற வேண்டாம்.