பரண் மேல் பெட்டி

குழு: மஞ்சமண்டி வீட்டுச் சொந்தம்

அத்தை: ஞாயிறு பாப்பா நிச்சயம், உப்புச் சர்க்கரை மாற்றுவதற்கு வெள்ளையடிக்கிறோம். பரணில் மாமனாரோட டிரங்குப் பெட்டி. உள்ளே முழுக்க ஓட்டல் நோட்டீஸ், ரயில் டிக்கெட்டு. பழைய பேப்பர்காரர் 11 மணிக்கு வருவார். வேண்டும் என்றால் சொல்லுங்க.

கோபி சின்னம்மா: ஐயோ, போடாதீங்க நங்கையா

பெரிய மாமா: குப்பை. போடு.

தபாலாபீஸ் சித்தப்பா: தயவுசெய்து போடாதீங்க. அந்த மடிப்புத் தாள்களில் தேதி இருக்காது, ஆனாலும் கண்டுபிடிக்கலாம். முகவரியில் பின்கோடு இருக்கிறதா பாருங்க. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. வெறும் ‘மதராஸ்-2’ என்று இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. அறை வாடகை அணாவில் இருந்தால் இன்னும் பழசு. நயா பைசா 1957 ஏப்ரலில் வந்துவிட்டது.

பல்லடம் அண்ணன்: ஆரம்பிச்சாச்சு 😂

அம்மா: பந்தல்காரருக்கு முன்பணம் யார் கொடுத்தது?

பெரிய மாமா: நான்தான். வழக்கம்போல.

கோபி சின்னம்மா: வெண்கல அண்டா போனதும் வழக்கம்போலத்தான்

அத்தை: 📷 மூடியில் ஒட்டியிருக்குது. கால்ஃபேஸ் ஓட்டல், கொழும்பு.

பெரிய மாமா: ஐயன் கப்பலே ஏறினதில்லை.

தபாலாபீஸ் சித்தப்பா: ஏறியிருக்கலாம் மச்சான். போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். 1964 டிசம்பர் புயல் வரைக்கும் அதுதான் வழி. லேபிளைச் சுரண்டாதீங்க.

பெரிய மாமா: மாப்பிள்ளை, நீங்க எங்க ஐயனைப் பார்த்ததே கல்யாணத்தன்னைக்குத்தான்.

கோபி சின்னம்மா: மதராஸ் கன்னிமரா ஓட்டலில் தங்கினேன் என்று என்கிட்டே சொன்னாருங்க

அம்மா: தங்கினது எல்லாம் சத்திரம். வசூலுக்குப் போனால் நல்ல வேட்டி கட்டிக்கொண்டு பெரிய ஓட்டலுக்குள் நுழைவார். ரூம் வாடகை விசாரித்து, கொடுக்கிற தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார். நான் வாசலில் புளிச்சோற்றுத் தூக்கோடு நிற்பேன்.

கோபி சின்னம்மா: என்னை எங்கேயும் கூட்டிப் போனதில்லை

பெரிய மாமா: அப்போ லேபிள்?

அம்மா: யாரிடமாவது கேட்டு வாங்கியிருப்பார்

அத்தை: 📷 ஊட்டி டிக்கெட்டு. அட்டையில் ஓரமாக வெட்டியிருக்குது.

தபாலாபீஸ் சித்தப்பா: வெட்டியிருந்தால் பயணம் செய்தது. இறங்குகிற இடத்தில் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்!

பல்லடம் அண்ணன்: அப்புச்சி கேட்டில் டபாய்ச்சிருக்கார் 🔥 லேமினேட் பண்ணி ஞாயிறு வாசலில் மாட்டலாமா?

தபாலாபீஸ் சித்தப்பா: கூடவே கூடாது. சூட்டில் ஒட்டினால் பிரிக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம், மஞ்சள் கறை விழும். துருப்பிடித்த பின்னை மட்டும் மெதுவாகக் கழற்றுங்க. ராமபாணப்பூச்சி இருந்தால்

பெரிய மாமா: பந்தல் துணி நீலமா, சிவப்பா?

அம்மா: சிவப்பு வேண்டாம்

கோபி சின்னம்மா: பெட்டி எனக்கு

பல்லடம் அண்ணன்: டிக்கெட்டு எனக்கு

அத்தை: பேப்பர்காரர் வந்துட்டாருங்க. செய்தித்தாளை மட்டும் எடை போடச் சொல்கிறேன். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும், ஞாயிறு பேசிக்கோங்க. நீலமே சொல்லிடட்டுமா?